மீதி இரண்டு மேஜை எங்கே?

கீ போர்டில் இடது பக்கம் இசட். வலது பக்கம் சாய்கோடு. கீழே நீளமாக ஸ்பேஸ் பார். இதைப் படித்ததுமே உங்கள் விரல்கள் லேசாகத் துடிக்கிறதா? சந்தேகமே வேண்டாம், நீங்கள் விண்டோஸ் எக்ஸ்பி காலத்து ஆசாமி.

ஜெயமங்கலத்திலிருந்து பஸ் பிடித்துப் பெரியகுளமோ தேனியோ போய், பிரௌசிங் சென்டரில் ப்ளஸ் டூ ரிசல்ட் பார்த்த தலைமுறைக்கு இது நன்றாகவே தெரியும். நெட் கனெக்ஷன் நடுவில் புட்டுக்கொண்டால் சும்மா உட்கார்ந்திருக்க முடியுமா? மணிக்கணக்கில் காசு ஓடிக்கொண்டிருக்கிறதே! ஸ்டார்ட் பட்டனை அமுக்கி, புரோகிராம்ஸ், கேம்ஸ் என்று நூல் பிடித்துப் போனால் சாலிட்டேருக்கும் மைன்ஸ்வீப்பருக்கும் பக்கத்தில் பின்பால் இருக்கும். விண்வெளிப் படம் போட்ட ஒரு மேஜை. ஆட்டத்துக்கு மூன்று பந்து. ஐந்து பேருக்கு மட்டும் இடமுள்ள ஹை ஸ்கோர் பட்டியல். அதில் பாடுபட்டு உங்கள் பேரைப் பொறித்துவிட்டு வந்தால், அடுத்த வாரம் எவனோ ஒருத்தன் அதைத் தூக்கிக் கடாசியிருப்பான். யாரென்றே தெரியாது. ஆனால், அவன்தான் எதிரி.

ஒரு விஷயம் சொன்னால் கோபப்படக் கூடாது. நீங்கள் அத்தனை மணி நேரம் ஆடியது முழு ஆட்டம் இல்லை. மூன்றில் ஒரு பங்கு. மீதி இரண்டு மேஜைகள் நம் ஊர் கம்ப்யூட்டர்களுக்கு வந்து சேரவே இல்லை.

அவை எங்கே போயின என்று பார்க்குமுன் இந்த மேஜையே எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். பிரெஞ்சு அரண்மனை, நியூயார்க் மேயரின் சம்மட்டி, ஸ்வீடன் பையன்கள் என்று சுற்றிக்கொண்டு, கடைசியில் நம் சென்னை ஐகோர்ட் வரைக்கும் போகவேண்டியிருக்கும். பரவாயில்லை, வாருங்கள்.

*

1777-ம் வருடம். பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயியின் தம்பி ஆர்த்துவா பிரபுவுக்கும் அண்ணி மேரி அந்துவானெத்துக்கும் ஒரு பந்தயம். பாரீஸை ஒட்டிய காட்டுக்குள் சுமார் 2 மாதத்தில் ஒரு மாளிகை கட்டிமுடிக்க முடியுமா, முடியாதா? தம்பி கட்டிமுடித்து ஜெயித்தார். மாளிகையின் பெயர் பகத்தேல். பிரெஞ்சில் 'அற்ப விஷயம்' என்று பொருள்.

அந்த மாளிகை விருந்துகளில் ஆடியதாகச் சொல்லப்படும் மேஜை விளையாட்டுக்கும் அதே பேர் ஒட்டிக்கொண்டது. பில்லியர்ட்ஸின் தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். மேஜையில் சில குழிகள், சில ஆணிகள். குச்சியால் பந்தைத் தட்டிக் குழியில் போடவேண்டும். பொம்மைக் கடைகளில் ஒரு காலத்தில் விற்பார்களே, ஆணி அடித்த சரிவுப் பலகை, குட்டி இரும்புக் குண்டு... அது இந்த வம்சம்தான்.

1871-ல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் குடியேறியிருந்த மான்டேகு ரெட்கிரேவ் என்ற இங்கிலாந்துக்காரர் குச்சியைத் தூக்கிப் போட்டுவிட்டு, சுருள் ஸ்பிரிங் வைத்த கைப்பிடியைப் பொருத்தினார். இழுத்துவிட்டால் பந்து பாயும். அதற்குப் பேடன்ட்டும் வாங்கினார். நீங்கள் ஸ்பேஸ் பாரை அழுத்திப் பிடித்து விட்டீர்களே, அது ரெட்கிரேவ் உபயம்.

அறுபது வருடம் கழித்து 1931. அமெரிக்காவில் வரலாறு காணாத பொருளாதார மந்தம். வேலை இல்லை, சினிமாவுக்குப் போகக் காசில்லை. அந்த நேரத்தில் சிகாகோவில் டேவிட் காட்லீப் என்பவர் 'பேஃபிள் பால்' என்றொரு பெட்டியைச் செய்து பதினேழரை டாலருக்கு விற்றார். கடைக்காரர் அதைக் கல்லா மேலேயே வைத்துக்கொள்ளலாம். ஒரு பென்னி போட்டால் சில பந்துகள் கிடைக்கும். சுடச்சுட விற்றது. கேட்ட அளவு சரக்கு கிடைக்காமல் வெறுத்துப்போன ரேமண்ட் மலோனி என்ற விற்பனையாளர் தானே 'பாலிஹூ' என்ற பெட்டியைச் செய்தார். அதன் பேரிலிருந்து பிறந்ததுதான் பாலி கம்பெனி.

இங்கே ஒரு முக்கியமான சமாச்சாரம். அந்தப் பெட்டிகளில் ஃப்ளிப்பர் கிடையாது! பந்தை அடித்துவிட்டால் அவ்வளவுதான். ஆணிகளில் இடித்துக்கொண்டு, போகிற இடத்துக்குப் போகும். நாம் குலதெய்வத்தை வேண்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கவேண்டியதுதான். சில பேர் பெட்டியையே தூக்கி ஆட்டிப் பார்த்தார்கள். அதைத் தடுக்க ஹாரி வில்லியம்ஸ் என்பவர் 1930-களில் 'டில்ட்' என்ற பூட்டைக் கண்டுபிடித்தார். அளவுக்கு மீறி ஆட்டினால் ஆட்டம் காலி. ஜெயித்தவனுக்குக் கடைக்காரர் சிகரெட் கொடுத்தார், இனிப்பு கொடுத்தார். சில இடங்களில் காசாகவே கொடுத்தார்.

காசு என்றதும் போலீஸ் வரத்தானே செய்யும்?

*

நியூயார்க் மேயர் ஃபியோரெல்லோ லகார்டியாவுக்குப் பின்பால் என்றாலே ஆகாது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் மதியச் சாப்பாட்டுக் காசை இதில் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள், லாபம் தாதாக்களுக்குப் போகிறது என்பது அவர் கட்சி. 1942 ஜனவரியில் தடை வந்தது. ஆயிரக்கணக்கில் மெஷின்களை அள்ளிக்கொண்டு வந்தார்கள். பத்திரிகை கேமராக்களுக்கு முன்னால் மேயரே சம்மட்டி எடுத்து நொறுக்கினார். உலகப் போர் நடந்துகொண்டிருந்த சமயம். உலோகம் போருக்குப் போனது. மிச்சத்தைத் தண்ணீரில் தள்ளினார்கள். லாஸ் ஏஞ்சல்ஸும் சிகாகோவும்கூடத் தடை போட்ட ஊர்கள்தான். சிகாகோவை யோசித்துப் பாருங்கள். மெஷின்களை உலகத்துக்கே செய்து அனுப்பிய ஊர், உள்ளூரில் ஆடக் கூடாது என்றது. சிவகாசியில் பட்டாசு வெடிக்கக் கூடாது என்பதுபோல!

தடை போட்டு ஐந்து வருடம் கழித்து, 1947-ல், காட்லீப் கம்பெனியின் ஹாரி மேப்ஸ் ஒரு காரியம் செய்தார். 'ஹம்ப்டி டம்ப்டி' என்ற மெஷினில் ஆறு குட்டிக் கைகளைப் பொருத்தினார். பட்டனை அமுக்கினால் அவை பந்தை அடித்து மேலே அனுப்பும். ஃப்ளிப்பர் பிறந்தது. அடுத்த வருடமே ஸ்டீவ் கோர்டெக் என்பவர், ஆறு எதற்கு, கீழே இரண்டு போதும் என்றார். இன்றுவரை அந்த இரண்டுதான்.

இதன் மகிமையைக் கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். மலையின் மேற்குச் சரிவில் உருண்டு அரபிக்கடலில் விழவேண்டிய பெரியாற்றுத் தண்ணீரை, 1895-ல் அணை கட்டி, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பி அனுப்பினார் பென்னிகுக். விழப்போவதை விழவிடாமல் திருப்புவது. ஃப்ளிப்பர் செய்வதும் அதைத்தான். அதுவரை தலைவிதியை நம்பியிருந்த ஆட்டம் அன்றிலிருந்து கைத்திறமைக்கு வந்தது.

ஆனால் சட்டம் ஆமை வேகத்தில்தான் நகரும். 1974-ல் கலிஃபோர்னியா சுப்ரீம் கோர்ட் பின்பாலில் திறமைதான் தூக்கல் என்று சொல்லி லாஸ் ஏஞ்சல்ஸ் தடையை நீக்கியது. நியூயார்க் மசியவில்லை. 1976-ல் மன்ஹாட்டனில் நகரசபைக் கமிட்டிக்கு முன்னால் இரண்டு மெஷின்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஒன்று ஆட, ஒன்று ரிப்பேரானால் மாற்றிக்கொள்ள. ரோஜர் ஷார்ப் என்ற இளம் பத்திரிகையாளர் தினமும் ஆடிப் பழகிய முதல் மெஷினிடம் போனார். உறுப்பினர் ஒருவருக்குச் சந்தேகம். ஏதாவது தில்லுமுல்லு செய்து வைத்திருப்பார்களோ? "அதில் வேண்டாம், இதில் ஆடு" என்று இன்னொன்றைக் காட்டிவிட்டார்.

பாவம், ஷார்ப். கொஞ்ச நேரம் ஆடிக் காட்டினார். யார் முகத்திலும் ஈயாடவில்லை. கடைசி அஸ்திரமாக, "இப்போது நான் இழுக்கிற இழுப்பில் பந்து மேலே நடு வழியில் நுழையும், பாருங்கள்" என்று அறிவித்துவிட்டு ஸ்பிரிங்கை இழுத்து விட்டார். பந்து போய் நடு வழியில் நுழைந்தது. போதும் என்றது கமிட்டி. 34 வருடத் தடை அந்த ஒரு பந்தில் உடைந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் கடைசி அடியில் அதிர்ஷ்டமும் இருந்தது என்று ஷார்ப்பே பிற்பாடு சொல்லியிருக்கிறார்.

*

விடுதலை கிடைத்த கொஞ்ச வருடத்திலேயே இன்னொரு சனி பிடித்தது. வீடியோ கேம். 1980-ல் பேக்மேன் வந்ததும் கூட்டம் அந்தப் பக்கம் சாய்ந்தது. பின்பால் மெஷின் ஆள் கனம் இருக்கும். உள்ளே ரிலேயும் காயிலும் வயருமாக மைல் கணக்கில் சமாச்சாரம். அடிக்கடி மெக்கானிக் தேவை. வீடியோ கேமுக்கு அந்தத் தொல்லை இல்லை. பெரிய கம்பெனியான வில்லியம்ஸே 1999-ல் பின்பால் பிரிவை இழுத்து மூடியது.

மரப்பெட்டி சாகத் தொடங்கியபோதுதான் பந்து கம்ப்யூட்டருக்குள் குடிபோனது. அங்கே போனதும் ஒரு அதிசயம் நடந்தது. நிஜ உலகத்தில் ஒரு மேஜைக்கு ஒரு கதைதான். பேய் மேஜை, கார் மேஜை, சர்க்கஸ் மேஜை என்று நாலு வேண்டுமானால் நாலு பெட்டி வாங்கவேண்டும், அவற்றை வைக்க ஒரு ஹால் வேண்டும். கம்ப்யூட்டரில் புவியீர்ப்பு, மோதல், துள்ளல் எல்லாவற்றுக்கும் புரோகிராம் ஒன்றே ஒன்றுதான். மேஜை என்பது ஒரு படமும் கொஞ்சம் எண்களும். படத்தை மாற்றினால் வேறு மேஜை. ஆகவே ஒரு பிளாப்பியில் இரண்டு மூன்று மேஜைகளை மடித்து வைக்க முடிந்தது!

பில் பட்ஜ் என்ற அமெரிக்கர் இதை முதலில் பிடித்துக்கொண்டார். அவருடைய 1983-ம் வருட 'பின்பால் கன்ஸ்ட்ரக்ஷன் செட்' ஒரு ஆட்டமே இல்லை. ஆட்டம் செய்கிற பட்டறை. பம்பரையும் ஃப்ளிப்பரையும் இழுத்து வந்து வைத்து உங்கள் மேஜையை நீங்களே கட்டிக்கொள்ளலாம். 1992-ல் ஸ்வீடனின் சில இளைஞர்கள் சேர்ந்து டிஜிட்டல் இல்யூஷன்ஸ் என்று கம்பெனி ஆரம்பித்து, அமீகா கம்ப்யூட்டருக்கு 'பின்பால் ட்ரீம்ஸ்' வெளியிட்டார்கள். ராக்கெட், ரயில், பாட்டுக் கச்சேரி, சுடுகாடு என்று நாலு மேஜை. பந்து உருளும் விதம் அச்சு அசலாக இருந்தது. 1993-ல் கனடாக்காரர் ஜேம்ஸ் ஷ்மால்ஸ் எழுதிய 'எபிக் பின்பால்' வந்தது. முதல் மேஜை இலவசம், பிடித்திருந்தால் காசு அனுப்பி மீதியை வாங்கிக்கொள் என்பது வியாபாரத் தந்திரம். நம் ஊர் அல்வாக் கடையில் ஒரு விள்ளல் கையில் வைப்பார்களே, அதே டெக்னிக்.

இந்தக் கம்பெனிகளை அலட்சியமாக நினைத்துவிடாதீர்கள். ஸ்வீடன்காரர்கள் பிற்பாடு 'பேட்டில்ஃபீல்ட்' செய்தார்கள். எபிக் கம்பெனிதான் பின்னாளில் 'ஃபோர்ட்நைட்' வெளியிட்டது. கோடிகளில் புரளும் இரண்டு சாம்ராஜ்யங்களும் நடை பழகியது ஒரு குட்டி இரும்பு உருண்டையை வைத்துத்தான்.

*

இப்போது நம் மேஜைக்கு வருவோம்.

1995 ஆகஸ்ட் 15 அன்று இந்தியாவில் விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டது. ஒன்பதே நாளில், ஆகஸ்ட் 24 அன்று அமெரிக்காவில் விண்டோஸ் 95 வெளியானது. மைக்ரோசாஃப்ட்டுக்கு அப்போது ஒரு கவலை. விளையாட்டுப் பிரியர்கள் எல்லாம் பழைய டாஸை விட்டு நகர மாட்டேன் என்கிறார்கள். விண்டோஸிலும் விறுவிறுப்பாக ஆட முடியும் என்று காட்ட ஒரு சாம்பிள் வேண்டும். டெக்ஸாஸ் மாநிலம் ஆஸ்டினில் இருந்த சினிமாட்ரானிக்ஸ் என்ற சின்னக் கம்பெனி பின்பால் செய்து கொடுத்தது. விண்டோஸ் 95-க்குத் துணையாகத் தனியே விற்ற 'ப்ளஸ்' தொகுப்பில் அது வந்தது. பெயர் ஸ்பேஸ் கேடட். கேடட் பதவியில் சேர்ந்து, எட்டுப் படி ஏறி ஃப்ளீட் அட்மிரல் ஆவது கதை.

அதே வருடம், 'சிம்சிட்டி' புகழ் மேக்ஸிஸ் நிறுவனம் முழு ஆட்டத்தையும் 'ஃபுல் டில்ட்' என்ற பெயரில் கடைக்குக் கொண்டுவந்தது. அதில்தான் மூன்று மேஜைகள். ஒன்று நம் ஸ்பேஸ் கேடட். அதுவும் இன்னும் பெரிய, தெளிவான படத்தோடு. இரண்டாவது 'ஸ்கல்டக்கரி'. கடல் கொள்ளையர், புதையல் வேட்டை. மூன்றாவது 'டிராகன்ஸ் கீப்'. கோட்டையும் நெருப்புக் கக்கும் டிராகனும். காசு கொடுத்து வாங்கியவர்களுக்கு இந்த இரண்டும் கிடைத்தன. விண்டோஸோடு சேர்ந்து வந்தது முதல் மேஜை மட்டும்தான். நாம் தின்றது அந்த ஒரு விள்ளல்.

அந்த விள்ளல் போன தூரம்தான் ஆச்சரியம். என்டி, 2000, மில்லெனியம், எக்ஸ்பி என்று ஒவ்வொரு விண்டோஸிலும் தொற்றிக்கொண்டு உலகம் சுற்றியது. என்டிக்கு இதை மாற்றி எழுதியவர் டேவ் பிளம்மர் என்ற மைக்ரோசாஃப்ட் எஞ்சினீயர். அவர் எழுதிய விதத்தில் கம்ப்யூட்டர் எவ்வளவு வேகமாக வரைய முடியுமோ அவ்வளவு வேகமாகப் படத்தை வரைந்து தள்ளும். அன்றைய மெஷின்களில் ஒன்றும் தெரியவில்லை. மெஷின்கள் வேகம் கூடக்கூட, ஒரு குட்டிப் பந்துக்காகக் கம்ப்யூட்டரின் மொத்த சக்தியும் விழுங்கப்பட்டது. சக எஞ்சினீயர் ரேமண்ட் சென் இதைக் கவனித்து, நொடிக்கு 100 படம் போதும் என்று கடிவாளம் போட்டார்.

அதே ரேமண்ட் சென்தான் பிறகு இதற்குச் சங்கும் ஊதினார். விண்டோஸை 32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்கு மாற்றும் மகா வேலை நடந்துகொண்டிருந்த நேரம். மாற்றிய பின்பாலில் பந்து ஸ்பிரிங் மேல் வந்து உட்காரவேண்டிய இடத்தில் நிற்காமல், எல்லாவற்றையும் ஊடுருவிக்கொண்டு மேஜைக்கு அடியில் போய்விட்டது. பேய் மாதிரி! பந்து எதன் மேலாவது மோதுகிறதா என்று கணக்குப் பார்க்கும் பகுதியில் எங்கோ கோளாறு. வெளிக் கம்பெனி எழுதிய புரோகிராம். எந்த வரி எதற்கு என்ற குறிப்பு ஒன்றுகூட அதில் இல்லை. பார்த்தார், பார்த்தார், பிடிபடவில்லை. லட்சக்கணக்கான வரிகள் காத்துக்கிடக்கும்போது ஒரு விளையாட்டுக்காக எத்தனை நாள் செலவழிப்பது? தூக்கிவிட்டோம் என்று 2012-ல் அவரே எழுதினார். 2007-ல் கடைக்கு வந்த விஸ்டாவில் பின்பால் இல்லை. நீங்களும் தேடியிருப்பீர்கள்.

குறிப்பு எழுதாமல் விட்ட சோம்பல், உலகம் முழுக்க ஆடிய ஒரு விளையாட்டுக்கு எமனாகிவிட்டது. அலுவலகத்தில் அடுத்தவருக்குப் புரியும்படி குறிப்பு எழுதச் சொல்லும் மேனேஜரை இனிமேல் திட்டாதீர்கள். நல்லவேளை, 2021-ல் ஒரு ஆர்வலர் பழைய புரோகிராமைப் பிரித்து மேய்ந்து, மறுபடி படிக்கக்கூடிய வரிகளாக எழுதி எல்லாருக்கும் பொதுவில் வைத்துவிட்டார். இன்று லினக்ஸிலும் அது ஓடுகிறது.

*

சென்னை ஐகோர்ட் எங்கே வந்தது என்கிறீர்களா?

நியூயார்க்கை 34 வருடம் படுத்திய அதே கேள்விதான் நம் கோர்ட்டுகளையும் படுத்தியது. திறமையா, அதிர்ஷ்டமா? ஆந்திராவிலிருந்து போன ரம்மி வழக்கில், கார்டுகளை ஞாபகம் வைத்து ஆடவேண்டியிருப்பதால் ரம்மியில் திறமைதான் பிரதானம் என்று 1967-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. நம் கிண்டி குதிரைப் பந்தய வழக்கில் 1996 ஜனவரியில் அதே அளவுகோலைக் குதிரைக்கும் வைத்தது. திறமை என்றால் சூதாட்டம் இல்லை, சூதாட்டம் இல்லையென்றால் தடையும் இல்லை.

அப்புறம் செல்போன் வந்தது. ரம்மி அதற்குள் புகுந்தது. கடன், தற்கொலை என்று தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் அடுத்தடுத்துச் செய்திகள். 2021-ல் மாநில அரசு போட்ட தடையை சென்னை ஐகோர்ட் ரத்து செய்தது. 2022-ல் புதுச் சட்டம் வந்தது. 2023 நவம்பரில் ஐகோர்ட் அந்தச் சட்டம் செல்லும் என்றது, ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள், தடைப் பட்டியலில் சேர்க்க முடியாது என்றும் சொன்னது. மறுபடியும் அதே கேள்வி! 2025 ஆகஸ்டில் மத்திய அரசு கொண்டுவந்த சட்டம் இந்தக் கேள்வியையே ஓரமாகத் தள்ளிவிட்டது. திறமையோ, அதிர்ஷ்டமோ, ஆன்லைனில் பணம் கட்டி, பணத்துக்கு ஆடினால் தடை.

லகார்டியா இருந்திருந்தால் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டியிருப்பார். அவர் கோபமும் பந்தின் மேல் இல்லை. சாப்பாட்டுக் காசின் மேல்தான். அவர் உடைத்த பெட்டியில் பந்தை எடுத்துவிட்டுக் கார்டை வையுங்கள், கடைத் தெருவிலிருந்து சட்டைப் பைக்குள் மாற்றுங்கள். இன்றைய கதை வந்துவிடும். ஒரே ஒரு வித்தியாசம். அன்றைக்குப் பென்னி தீர்ந்தால் வீட்டுக்குப் போயாகவேண்டும். இன்றைக்கு வங்கிக் கணக்கே கையில் இருக்கிறது.

இந்த வரலாற்றில் நம் ஸ்பேஸ் கேடட் கொஞ்சம் தனி. பிரெஞ்சுப் பந்தயத்தில் பேர் வாங்கி, பென்னியில் வளர்ந்து, போலீஸிடம் அடி வாங்கிய ஒரு பரம்பரையில் வந்த பிள்ளை அது. ஆனால் காசு போடுகிற துவாரம் அதில் கிடையாது. தோற்றால் எஃப் 2-வை அமுக்கி மறுபடி ஆடலாம். பிரௌசிங் சென்டர்காரருக்குக் கொடுத்ததைத் தவிர ஒரு பைசா செலவில்லை. கரன்ட் போனால் அட்மிரல் பதவி போகும். அதுதான் அதிகபட்ச நஷ்டம்.

உங்கள் வீட்டுப் பிள்ளை செல்போனில் ஆடிக்கொண்டிருந்தால் ஸ்கோர் எவ்வளவு என்று கேட்காதீர்கள். காசு போடும் துவாரம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.